எங்கள் பிரிவுக்கு ஒரு மிட்வைஃபைத் தாருங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்தில் தாய்சேய் நலத்துக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் கிளினிக் சுவரில் புதிதாக ஒரு பதாகை தொங்குகிறது. குறைமாதப் பிறப்பைத் தடுப்போம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அதற்குக் கீழே உள்ள வாங்கில்தான் போன கிழமை என் மகளோடு இருந்தேன். மடியில் பேத்தி. 30 கிழமையில், 1,280 கிராம் எடையோடு பிறந்தவள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். அதனால்தான் இதை எழுத எனக்குக் கை வருகிறது.

எங்கள் பிரிவில் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது நாங்கள் மிஸ் என்று கூப்பிடும் மிட்வைஃப், இல்லாதது உங்களுக்குத் தெரிந்த விஷயம். பக்கத்துப் பிரிவு மிஸ்தான் இதையும் சேர்த்துப் பார்க்கிறார். அவரில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் பார்க்கவேண்டிய வேலையை இரட்டிப்பாக்கி, ஒரு ஸ்கூட்டியோடு அவரை அலையவிட்டிருக்கிறீர்கள்.

மகளுக்கு நாரி உளைவு வந்தபோது, "இது எல்லாருக்கும் வாறதுதான் பிள்ளை" என்று நானேதான் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் நித்திரை வராது. சலம் கடுத்ததை அவள் என்னிடம்கூடச் சொல்லவில்லை. கிளினிக்கில் சலத்தில் சீனியும் புரதமும் பார்க்கிறார்கள், சரி. எரிகிறது என்று அவள் வாய் திறந்தால்தானே கிருமி இருக்கிறதா என்று மேற்கொண்டு பார்ப்பார்கள்? பத்துப் பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் எந்தப் பிள்ளை அதைச் சொல்லும்? மூத்தவன் வயிற்றில் இருந்தபோது அப்போதைய மிஸ் வீட்டுக்கு வருவார். குசினிக்குள் பலகையைப் போட்டு இருந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "சலம் போகேக்கை எரியுதோ?" என்று சாதாரணமாகக் கேட்பார். இந்த முறை அப்படிக் கேட்க ஒருவரும் வரவில்லை. மாத்திரையோடு மாறக்கூடிய கிருமித் தொற்று, காய்ச்சலாகி, ஒரு இரவில் வலியாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் நுரையீரலுக்கென்று உடனே ஊசி போட்டார்கள். அது சரியாக வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டுமாம். எங்கள் பேத்தி 5 மணித்தியாலம்கூடப் பொறுக்கவில்லை. பிறகு கண்ணாடிப் பெட்டி, மூக்கில் குழாய். மகள் பாலைப் பிழிந்து கோப்பையில் கொண்டுபோவாள், 2 மில்லிலீற்றர்தான் குழாய் வழியே போகும். பிள்ளையை முதல் முதலாக நெஞ்சோடு சேர்த்து வைத்தபோது, மூச்சு விட்டாலே நோகுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையைப் பற்றி நாடு முழுக்கப் பெருமையாகப் பேசுகிறோம். அந்த முறையைத் தாங்கி நிற்பது வீடு வீடாகப் போகும் பெண்தான். கட்டடம் திறக்க வருகிறீர்கள், இயந்திரம் கையளிக்க வருகிறீர்கள். படம் எடுக்கிறீர்கள். ஆள் கேட்டால் மட்டும் கோப்பு மேலே போயிருக்கிறது என்கிறீர்கள். உயர்தரம் படித்துவிட்டு வேலை தேடும் பெண்பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். மிட்வைஃப் பயிற்சிக்கே ஒன்றரை வருடம் வேண்டும். இன்று சேர்க்காவிட்டால் எப்போது வரப்போகிறார்கள்?

கோபத்தில் கொஞ்சம் கூட எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: எங்கள் பிரிவுக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தரை நியமியுங்கள். எப்போது என்று ஒரு திகதி சொல்லுங்கள். அதுவரை கிழமையில் ஒரு நாளாவது வீடுகளுக்குப் போக ஒருவரை ஒழுங்குசெய்து தாருங்கள்.

எங்கள் ஒழுங்கையில் இன்னொரு பிள்ளைக்கு இப்போது ஐந்து மாதம். இரட்டை என்று ஸ்கானில் சொன்னார்களாம். இரட்டைப் பிள்ளைகள் முந்திப் பிறப்பது அதிகம் என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. அவள் வீட்டுப் படலையை இன்னும் ஒரு மிஸ்ஸும் திறக்கவில்லை.

இப்படிக்கு,
வடமராட்சியிலிருந்து ஓர் அம்மம்மா