தோட்டத்து வீடுகளை இடிக்கும் முன் படமெடுத்துப் பதிவு செய்ய ஆணையிடக் கோரும் மனு

அனுப்புநர்:
பேரூர் வட்டத்தைச் சேர்ந்த புகைப்படக்காரர் ஒருவர்,
உடன் கையொப்பமிட்டுள்ள தோட்டக்காரர்கள்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கோயம்புத்தூர்.

பொருள்: மேற்குப் புறவழிச்சாலைத் தடத்திலும் அதையொட்டி மனைப்பிரிவுகளாக மாறிவரும் தோட்டங்களிலும் பூட்டிக்கிடக்கும் பழைய வீடுகளை, இடிப்பதற்கு முன் படமெடுத்து ஆவணப்படுத்த ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்த மனு சாலையை நிறுத்தச் சொல்லி அல்ல. மதுக்கரைப் பக்கம் மயில்கல்லில் தொடங்கி மேட்டுப்பாளையம் சாலையில் நரசிம்மநாயக்கன்பாளையம் வரை சுமார் 32 கிலோமீட்டர் வரும் இந்தச் சாலை, ஊருக்குள் புகுந்து வெளியேறும் லாரிகளுக்கு எவ்வளவு தேவை என்பது உக்கடம் வழியாகப் போய்வரும் எங்களுக்கும் தெரியும். வீடுகளைக் காப்பாற்றித் தாருங்கள் என்றும் கேட்கவில்லை. அவற்றில் பல ஏற்கெனவே ஓடு சரிந்து, உத்தரம் கரையான் பிடித்து நிற்கின்றன. இடிப்பதற்கு முன்னால் ஒழுங்காகப் படமெடுத்து வைக்க வேண்டும் என்பது மட்டுமே எங்கள் கோரிக்கை.

கொங்கு நாட்டில் விவசாயக் குடும்பங்கள் பல ஊருக்குள் தெருவில் குடியிருக்காமல் அவரவர் தோட்டத்திலேயே வீடு கட்டி வாழ்ந்தவை. கிணறு, களம், கட்டுத்தரை, ஆட்டுப்பட்டி, வீடு எல்லாம் ஒரே இடத்தில். அதனால் ஒரு தோட்டத்து வீட்டைப் பார்த்தால் அந்தக் குடும்பம் எந்தத் தண்ணீரில், எந்த வெள்ளாமையில், எத்தனை மாடு கன்றோடு வாழ்ந்தது என்று கட்டடமே சொல்லிவிடும். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள், அவற்றைப் பற்றிப் படப் புத்தகங்கள் இருக்கின்றன. நடுவில் திறந்த முற்றம் வைத்துக் கட்டிய எங்கள் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீட்டுக்கும், சாளை என்று நாங்கள் சொல்லும் எளிய குடிசை வீட்டுக்கும் அப்படி யாரும் வரவில்லை.

இவை காலியானதற்குச் சாலை காரணமில்லை. கிணறு வற்றி, போர் ஆயிரம் அடி தாண்டியது. மாடுகளை விற்றார்கள், பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் போனார்கள், பாகம் பிரித்ததில் வீடு யாருக்கும் முழுதாகச் சேரவில்லை. கடைசியாக இருந்த அப்பத்தா இறந்ததும் பூட்டியவர்கள் பலர். இப்போது சாலை வருகிறது என்றதும் இரண்டு பக்கமும் சைட் போடுகிறார்கள். பத்து வருடம் பூட்டிக்கிடந்த வீடு ஒரே காலையில் ஜேசிபியில் போய்விடுகிறது.

மாதம்பட்டிக்கு வடக்கே நான் படமெடுத்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். முன்னால் ஆசாரம் என்கிற முன்கூடம், நடுவில் தொட்டி, நான்கு புறமும் நாட்டு ஓடு. ஆசாரத்துச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு இன்றும் முட்டை ஓடு மாதிரி வழவழப்பாக இருக்கிறது. அதன்மேல் பென்சிலால் எந்த மாடு எந்த மாதம் கன்று போட்டது, பால் யார் வீட்டுக்கு எத்தனை படி, எருவுக்கு எத்தனை வண்டி என்று கணக்கு. ஒரே கை எழுதியதில்லை. மேலே பழைய கூட்டெழுத்து, கீழே பள்ளிக்கூடப் பிள்ளையின் உருண்டை எழுத்து. வெளியே கிணற்றடியில், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிய கல்தூண்கள் நிற்கின்றன. மாடுகள் இறங்கி ஏறிய சரிவு புல் மூடியும் தெரிகிறது. கயிறு அரைத்த தடம் கல் விளிம்பில் விரல் நுழையும் ஆழத்துக்கு இருக்கிறது. அதே கிணற்றின் இன்னொரு மூலையில் சின்ன மோட்டார் ரூம். 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்தபின் இந்தப் பக்கத்து விவசாயம் மாறிய கதையை அந்த ஒரு கிணற்றடியில் நின்றே பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.

இந்த மாதிரி ஒரு வீடு அரசு மதிப்பீட்டில் எப்படிப் பதிவாகிறது? ஓட்டு வீடு, இத்தனை சதுர அடி, இத்தனை வருடம், தேய்மானம் இவ்வளவு. கூடவே முகப்பில் ஒரு படம். இழப்பீட்டுக்கு அது போதும். அதற்காக அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை, அவர்களிடம் கேட்கப்பட்டது அவ்வளவுதான். எங்கள் வாதமே இங்கேதான் இருக்கிறது. அரசின் ஆள் டேப்போடு ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் எப்படியும் ஒருமுறை போகிறார். அப்படிப் போகும்போதே வீட்டையும் படமாக எடுத்து வந்தால் என்ன? 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், 29-ஆம் பிரிவில், கட்டடத்தை மதிப்பிடப் பொறியாளரோடு அந்தந்தத் துறை அறிந்த வல்லுநரையும் ஆட்சியர் பயன்படுத்திக்கொள்ள இடம் தருகிறது. மாநில நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்க 2001-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருந்தாலும், பொறியாளர் வீட்டுக்கு வருவது மாறப்போவதில்லை. அவரோடு ஒரு புகைப்படக்காரரையும் ஒரு கட்டடக்கலை மாணவரையும் அனுப்பத் தாங்கள் ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும்.

வேலை பெரிதல்ல. நான்கு புறமும் வெளித்தோற்றம், கூரையின் அடிப்புறம், சமையல்கட்டு, நிலவாசல், தானியத் தொம்பை இருந்த இடம், கட்டுத்தரை, கிணறு, களம், வீட்டுக்கு வரும் தடம். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல். கிராமமும் புல எண்ணும் குறித்த ஒரு தாள், கையால் போட்ட ஒரு வரைபடம். அங்கே வாழ்ந்த பெரியவர் ஒருவர் கிடைத்தால் அவரை நடத்திக் கூட்டிப்போய், எது எதற்கு என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்துகொள்ளலாம். ஒரு வீட்டுக்கு அரை நாள் போதும்.

ஆனால் காலம் முக்கியம். இழப்பீடு கைக்கு வந்ததும் முதலில் போவது மரம்தான். பழைய மரச் சாமான் வாங்குபவர்கள் வந்து வாசல் நிலை, கதவு, தேக்குத் தூண் எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப்பின் எடுக்கும் படத்தில் சுவர்தான் இருக்கும். ஆகவே மதிப்பீட்டு நாளிலேயே படமெடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்பவர்களிடமும், நிலத்தில் பழைய வீடு இருந்தால் அதன் படங்களை விண்ணப்பத்தோடு கேட்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெரிய தொட்டிக்கட்டு வீடுகளை மட்டும் எடுத்தால் பாதி உண்மை போய்விடும். அதே தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்த ஆட்கள் குடியிருந்த மண்சுவர்ச் சாளைகளும் இருந்தன. அந்த இடத்துக்குப் பட்டா பெரும்பாலும் அவர்கள் பெயரில் இருந்ததில்லை. அதனால் மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரிகூட அவர்களுக்குக் கிடையாது. கிணறு வெட்டியதும் கவலை ஓட்டியதும் அவர்கள். அவர்களுடைய சாளைகளும், சுவர் மட்டும் மிஞ்சியிருந்தாலும், அதே அக்கறையோடு பதிவாக வேண்டும்.

படத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்து நம் கோயில்களைப் படமெடுத்து வைத்தது. பிற்காலத்தில் திருடுபோன சிலைகளை அடையாளம் காட்டியவை அந்தப் படங்கள். 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய ஸ்ரீபுரந்தன் நடராசர் அவற்றில் ஒன்று. எடுத்தபோது யாரும் அதை நினைத்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் 1933-இல், பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவில், வேலையிழந்த கட்டடக் கலைஞர்களை அமர்த்திப் பழைய கட்டடங்களை அளந்து படமெடுக்கும் பணியை அரசே தொடங்கியது. இன்றும் அது நடக்கிறது.

படங்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் சேர்க்கவும், ஒரு பிரதியை மாவட்ட மைய நூலகத்தில் வைக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் பெற வேண்டும். தம் வீடு வெளியே தெரிய வேண்டாம் என்பவர்களின் படங்களைப் பொதுப் பார்வைக்கு வைக்காமல் சேமித்தால் போதும். இழப்பீட்டுத் தொகை விவரம் எதுவும் இதில் கலக்கக் கூடாது.

மாதம்பட்டிக்குத் தெற்கே முதல் கட்டத் தடத்தில் போனது போய்விட்டது. வடக்கே மிச்சமிருக்கும் வீடுகளுக்காவது இந்த மழைக்காலத்துக்கு முன் அனுமதி வேண்டும். ஓடு சரிந்த வீடு இன்னொரு ஐப்பசி மழையைத் தாங்காது. அரசிடம் இதற்கு நிதி இல்லையென்றாலும் சரி, இந்த வட்டாரத்துப் புகைப்படக்காரர்கள் நாங்கள் கூலி வாங்காமல் எடுத்துத் தருகிறோம். பூட்டிய வீட்டுக்குள் போக உரிமையாளரும் கிராம நிர்வாக அலுவலரும் ஏற்கும்படி தங்கள் கையொப்பமிட்ட ஓர் அனுமதிக் கடிதம் மட்டும் தந்தருளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: கோயம்புத்தூர்
நாள்:

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

இணைப்பு: மாதம்பட்டி வட்டாரத்துத் தோட்டத்து வீடுகளின் படங்கள், உரிமையாளர்களின் சம்மதக் கடிதங்கள்.