ஆறு கட்டில், ஒரு கூரை: தண்டுவடம் அடிபட்டோர் பயிற்சி இல்லத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஆனைமலை வட்டாரத்தில் தென்னையிலிருந்தும் கிணற்று மேட்டிலிருந்தும் பைக்கிலிருந்தும் விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்கள் சேர்ந்து நடத்தும் குழு எங்களுடையது. மொத்தம் 31 பேர். பெரும்பாலோர் வீல்சேரில் இருக்கிறோம். நாலைந்து பேர் காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) மாட்டி நடக்கிறார்கள். செயலாளரான எனக்குக் கழுத்தில் அடி. விரல் மடங்காது. இதைச் சுண்டுவிரல் கணுவால் போனில் தட்டித்தான் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பப்படுகிறவர் நேரே வீட்டுக்குப் போய்ப் படுக்காமல், கூட ஒருவரை வைத்துக்கொண்டு ஆறு முதல் எட்டு வாரம் தங்கிப் பழக ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆறு கட்டில். சுவர் லிண்டல் மட்டம் வரை எழும்பிவிட்டது. கூரைக்குப் பணம் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஏன் இப்படி ஒரு வீடு என்று கேட்பவர்களுக்கு எங்கள் தலைவர் கதையைத்தான் சொல்லுவோம். 2011இல் தேங்காய் வெட்டு நாள் ஒன்றில் மட்டை முறிந்து விழுந்தார். விழுந்த இடத்தில் கால் கட்டைவிரலை அசைத்துப் பார்த்திருக்கிறார், அசைந்தது. அது அவருக்கு இன்றைக்கும் நன்றாக நினைவிருக்கிறது. நான்கு பேர் ஓடி வந்து, இரண்டு பேர் கையையும் இரண்டு பேர் காலையும் பிடித்துத் தூக்கி, உட்கார வைத்து, சோடா கொடுத்து, தேங்காய் ஏற்ற வந்த டெம்போவில் மடக்கிப் போட்டுக் கொண்டு போனார்கள். எல்லாரும் அவருக்கு வேண்டியவர்கள். 108 அப்போதே ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. நொறுங்கிய எலும்பின் மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டு, ராடு வைத்து, தண்டுவடத்தின் மேலிருந்த அழுத்தத்தை எடுத்தார்கள். எலும்பு ஒட்டிவிட்டது. தண்டுவடம் எலும்பு மாதிரி ஒட்டாது. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடவேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. எப்படிப் புரட்டுவது, முழங்காலுக்கு நடுவில் தலையணை எங்கே வைப்பது என்று அவர் மனைவிக்கு யாரும் செய்து காட்டவில்லை. மூன்றாம் மாதம் வால் எலும்பின் மேல் கொட்டாங்குச்சி அளவுக்குப் புண். வலியே தெரியாததால் நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தார்கள். அது ஆற ஒன்றரை வருஷம் ஆனது. முதுகை ஒருநாளில் சரிசெய்த டாக்டர்களின் வேலை, புரட்டத் தெரியாததால் பாழானது.

எங்களில் பலரை வீழ்த்துவது முதுகின் அடியே அல்ல, படுக்கைப்புண்ணும் மூத்திரப்பையும்தான். பை நிறைந்ததைச் சொல்லும் நரம்பு வேலை செய்யாது. தானாக வழிகிறதே என்று விட்டுவிட்டால் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நாமே சின்ன டியூப் விட்டு எடுத்துவிட்டால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லாப்பிடஸ் என்ற மருத்துவர் 1972இல் இதை எழுதியபோது, கிருமி நீக்கிய கையுறையெல்லாம் கட்டாயமில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும் என்றார். எங்களைப் போன்றவர்கள் வீட்டிலேயே இதைச் செய்ய முடிகிறது என்றால் அந்த ஒரு வரியால்தான். கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். கூச்சம் போகத்தான் இன்னும் இரண்டு வாரம். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் சிரித்துக்கொண்டே செய்வதைப் பார்த்தால் அதுவும் போய்விடும்.

சுமார் 3,600 ஆண்டு பழைய எகிப்தியப் பாப்பிரஸ் சுவடி ஒன்றில் கழுத்தெலும்பு நகர்ந்து கைகால் விழுந்தவரைப் பற்றி, இது வைத்தியம் செய்யக்கூடாத நோய் என்று எழுதியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டிலும் வெகுகாலம் அதே தீர்ப்புதான். மாற்றியவர் லுட்விக் குட்மன். ஹிட்லருக்குத் தப்பி இங்கிலாந்து போன யூத நரம்பு மருத்துவர். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். அவர் கையில் புதிய மருந்து பெரிதாக எதுவும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது, மூத்திரப்பையைக் கவனிப்பது, காலையில் எழுப்பி வேலை கொடுப்பது. நாலு வருஷத்தில், 1948இல், அதே ஆஸ்பத்திரிப் புல்வெளியில் 16 பேர் வீல்சேரில் உட்கார்ந்து வில் எய்தார்கள். பாராலிம்பிக்கின் விதை அதுதான்.

நம் பக்கமும் இந்த வழியில் நடந்தவர்கள் இருக்கிறார்கள். வேலூர் சிஎம்சியில் 1949இல் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த வருஷம் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அதே வேலூரில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் இரண்டும் செயலிழந்தார். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைகளைச் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறந்ததற்கு அவர்தான் காரணம். தென்காசி ஆயக்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1975இல் கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். ‘அமர்’ என்பது தனக்குச் சிகிச்சை தந்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயர். எங்கள் ஆறு கட்டிலை அவற்றோடு ஒப்பிடவில்லை. வேலூரும் ஆயக்குடியும் எங்களுக்குத் தூரம், அவ்வளவுதான்.

இனி, வாட்ஸ்அப் விஷயம். வெளிநாட்டில் முடங்கியவர் நடக்கும் வீடியோ வந்தால் அன்று ராத்திரி எனக்குப் பத்து போனாவது வரும். போன மாதம் ஒரு அம்மா, மகன் படுத்து நாலு வருஷம், “கண்ணு, அந்த மிசின் நம்மூருக்கு எப்பக் கண்ணு வரும்?” என்று கேட்டார். அந்தச் செய்தி பொய் அல்ல. சுவிட்சர்லாந்தின் லொசானில் நரம்பியல் ஆய்வாளர் கிரெகுவார் கூர்த்தீனும் அறுவை மருத்துவர் ஜோசலின் பிளாக்கும் தண்டுவடத்தின் மேல் மின்முனைத் தகடு வைத்து, காலுக்குப் போகும் நரம்பு வேர்களைத் தேவைப்பட்ட நொடியில் தூண்டினார்கள். முழுக்கச் செயலிழந்த மூன்று பேர் கருவியை முடுக்கிய அன்றே, எடையைத் தாங்கும் பட்டையின் துணையுடன், எட்டு வைத்ததாக 2022இல் வெளியிட்டார்கள். 2023இல் மூளையின் மேல் வைத்த மின்முனைகள் ‘நட’ என்ற எண்ணத்தைப் படித்துத் தண்டுவடக் கருவிக்கு அனுப்ப, பன்னிரண்டு வருஷம் முன்பு சைக்கிள் விபத்தில் அடிபட்ட நெதர்லாந்துக்காரர் ஒருவர் தான் நினைத்தபடி நடந்தார். அறுவையே இல்லாமல் கழுத்துத் தோலின் மேல் ஒட்டித் தூண்டும் கருவி ஒன்றை 60 பேரிடம் சோதித்ததில் 72 சதவீதம் பேருக்குக் கையின் வலுவும் பிடிப்பும் கூடின. 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. எனக்குக் கழுத்தடி என்பதால் அந்தச் செய்தியை மட்டும் நான் மூன்று தடவை படித்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

அந்த அம்மாவிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் கருவியை மாட்டியதும் யாரும் எழுந்து ஓடவில்லை. மாதக்கணக்கில் பயிற்சி செய்தார்கள். முழங்கால் மடங்கியபடி இறுகிப்போனவரை, வால் எலும்பில் புண் உள்ளவரை, சிறுநீரகம் கெட்டவரை வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் அதைத் தொடங்க முடியாது. அது வரும் நாளில் நம் பையனின் உடம்பு அதற்குத் தயாராக இருக்கவேண்டும். விஞ்ஞானம் லொசானில் நடக்கட்டும். உடம்பைக் காப்பாற்றும் வேலையை இங்கே நாம்தான் செய்யவேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறோம். ஸ்டெம் செல் ஊசிக்கு என்று யார் வந்து கேட்டாலும் எங்கள் குழுவிலிருந்து ஒரு ரூபாய் போகாது. தண்டுவடக் காயத்துக்கு அது நிலைநாட்டப்பட்ட சிகிச்சை அல்ல, முறையாகப் பதிந்த ஆய்வுக்கு வெளியே கொடுக்கக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. ஆய்வில் சேருகிறவரிடம் காசு வாங்குவது ஆய்வே அல்ல. எங்கள் உறுப்பினர் ஒருவர் ஒரு ஏக்கர் தோப்பை விற்று ஒரு பெருநகரத்தில் நாலு ஊசி போட்டுக்கொண்டார். தோப்பும் இல்லை, காலும் வரவில்லை.

வீட்டோடு இன்னொரு வேலையும் சேர்த்திருக்கிறோம்: பலகை. ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், 18 மில்லிமீட்டர் பிளைவுட், ஓரத்தில் கைபிடிக்கத் துளை, மூன்று வார்ப்பட்டை. அடிபட்டவரின் தலையை ஒருவர் அசையாமல் பிடிக்க, மூன்று பேர் ஒரே சொல்லில் மரக்கட்டையைப் போல உருட்டி, பலகையை அடியில் தள்ளவேண்டும். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களில் 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து அழுத்தத்தை எடுத்தவர்களுக்கு முன்னேற்றம் கூடுதல் என்று 2012இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. கோயம்புத்தூர் ஒன்றரை மணி நேரம்தான் என்பதால் நமக்கு அது கைக்கெட்டும் விஷயம். ஆனால் கொண்டு போகும் வழியில் முறித்துவிடக் கூடாது. அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ இலவசச் சிகிச்சைத் திட்டம் சாலை விபத்துக்கானது. தோப்பில் விழுந்தவருக்குத் தோப்பில் இருப்பவர்கள்தான் முதல் டாக்டர். ஊர்த் தச்சர் ஒரு பலகை 2,800 ரூபாய்க்குச் செய்து தருகிறார். இதுவரை ஏழு பலகை கொப்பரைக் களங்களிலும் பால் சொசைட்டிகளிலும் மாட்டியிருக்கிறோம். ஒரு களத்தில் அதை வைத்துத் துணி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். போய்ச் சண்டை போட்டுத் திரும்ப மாட்டினோம்.

கட்டடக் கணக்கு. 11 சென்ட் நிலத்தை உறுப்பினர் ஒருவரின் மாமனார் எழுதிக் கொடுத்தார். மொத்தத் திட்டம் 23,40,000 ரூபாய், வந்தது 9,12,350. அதில் 11,000 ரூபாய் எங்கள் தவறால் வீண்: குளியலறை வாசலை இரண்டரை அடி வைத்துக் கட்டிவிட்டோம். வீல்சேர்காரர்களே கட்டிய வீட்டில் வீல்சேர் நுழையவில்லை! இடித்து மூன்றடியாக்கினோம். கொத்தனாரைச் சேரில் உட்காரவைத்து ஒருதடவை உள்ளே போய்த் திரும்பி வரச் சொன்ன பிறகு, கைப்பிடிக் கம்பி எந்த உயரம் என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இன்னும் வேண்டியது 14,27,650. கூரைக்கும் குளியலறைக்கும் 7,90,000. கட்டில், ஏர் பெட், நிமிர்த்தி நிற்கப் பழக்கும் டில்ட் டேபிள், பிடித்து நடக்கப் பழகும் பேரலல் பார் எல்லாம் சேர்த்து 2,75,000. பிசியோதெரபிஸ்ட் ஒருவருக்கு மாதம் 18,000 வீதம் ஒரு வருஷச் சம்பளம் 2,16,000. மீதி 1,46,650 டியூப், மருந்து, பலகை, முதல் வருஷ அரிசி பருப்புக்கு. தங்குகிறவர்களிடம் கட்டணம் கிடையாது. பணமாக முடியாதவர்கள் சிமெண்ட், கம்பி, ஓடாத வீல்சேர், பழைய சைக்கிள் டியூப் எதுவும் தரலாம். டியூபை ஊதிப் பிணைத்து உட்காரும் திண்டு செய்ய எங்களுக்குத் தெரியும்.

80 ஜி வரிவிலக்கு எங்களுக்கு இன்னும் வரவில்லை. வந்துவிட்டதாகச் சொல்லி யாராவது கேட்டால் நம்பவேண்டாம். வங்கிக் கணக்கு விவரம் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம் அச்சிட்டிருக்கிறது. ஐம்பது ரூபாயாக இருந்தாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். வரவு செலவு மாதம் முதல் ஞாயிறு கட்டடச் சுவரில் ஒட்டப்படும்.

நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் செவ்வாய், சனி மாலை நாலு மணிக்கு மேல் வரலாம். தலைவர் இருப்பார், பலகையில் உருட்டுவதைச் செய்து காட்டுவார். முன்பக்கம் சரிவுப்பாதை வழியாக வாருங்கள். படி நாங்கள் கட்டவில்லை.

இப்படிக்கு,
கட்டடக் குழுவுக்காக, செயலாளர்