அறிவியல் டீச்சர் நினைவுக் கூட்டம் – ஜூன் 14

அனைவருக்கும் வணக்கம். நம் டீச்சருக்கான நினைவுக் கூட்டம் ஜூன் 14, ஞாயிறு காலை 10.30க்கு, பள்ளி பிரேயர் ஹாலில்.

1. படங்கள் ஜூன் 7க்குள் வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாகப் போட்டால் தரம் குறைந்துவிடும், பெரிதாக பிரிண்ட் எடுக்க முடியாது. டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பழைய பசை ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள், கிழியும். பிளாஸ்டிக் தாளை மட்டும் விலக்கி, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் நேர் மேலிருந்து எடுங்கள்.

2. பதான்கோட், ஜபல்பூரில் டீச்சரிடம் படித்தவர்கள் வகுப்பு, வருடம் எழுதுங்கள். ராணுவத்தில் இருந்த சார் (டீச்சரின் கணவர்) மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் டீச்சர் புதுப் பள்ளியில் சேர்ந்தவர். முழுப் பட்டியல் வீட்டிலேயே இல்லை.

3. பேனரில் சாரின் பதவி 'சுபேதார் மேஜர்'. சுருக்கி 'மேஜர்' என்று போட்டால் அது வேறு பதவி.

4. படத்துக்கோ மேசைக்கோ தேசியக்கொடி போர்த்தக் கூடாது. கொடி விதிப்படி அது அரசு, ராணுவ, மத்திய துணை ராணுவ இறுதிச் சடங்குகளுக்கு மட்டுமே.

5. மகள் அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியைக் கொண்டுவருகிறார், வெள்ளை பெயின்ட்டில் சாரின் யூனிட் (ராணுவப் பிரிவு) பெயரை அடித்து அடித்து எழுதியது. இறக்க இரண்டு பேர் 9.30க்கே வரணும்.

6. பேச ஆளுக்கு 3 நிமிடம்.

வருகிறவர்கள் எத்தனை பேர் என்று புதனுக்குள் எண்ணாகப் பதில் போடுங்கள். கட்டைவிரலை வைத்துச் சாப்பாடு சொல்ல முடியாது.