உட்கட்டமைப்புக் கட்டணத்தில் உள்ளூர்ச் சாலைகளுக்குப் பங்கு ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
குடியிருப்போர் நலச் சங்கத்தினர்

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: பெரிய கட்டடங்களிடம் வசூலாகும் உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணத்தில் ஒரு பங்கை, அந்தக் கட்டடங்களுக்குப் போகும் சாலைகளுக்கே செலவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் புறநகர்ப் பகுதியில் தனி வீடுகள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழும்புகின்றன. அதை நாங்கள் எதிர்க்கவில்லை. அங்கே குடிவருபவர்கள் நாளை எங்கள் அக்கம்பக்கத்தார். ஆனால் கட்டடம் வளர வளரச் சாலை கெட்டுக்கொண்டே போகிறது. உள்ளாட்சியில் முறையிட்டால் நிதி இல்லை என்கிறார்கள்.

நிதிக்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971-இல் 2007-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பிரிவு, புதிய கட்டுமானத்தால் ஏற்படும் தாக்கத்தை ஈடுகட்டத்தான் இந்தக் கட்டணத்தை விதிக்கச் சொல்கிறது. ஆகவே புதிய வரி எதையும் நாங்கள் கேட்கவில்லை. இப்போது வசூலாகும் பணம் மாநில அளவிலான நிதியில் சேர்ந்துவிடுகிறது. தாக்கம் தெருவில் விழுகிறது, பணம் தெருவுக்குத் திரும்புவதில்லை.

அந்தத் தாக்கம் ஆட்கள் குடிவந்த பிறகு தொடங்குவதும் இல்லை. அஸ்திவாரம் தோண்டும் நாளிலேயே டிப்பர் லாரிகள் வந்துவிடுகின்றன, அப்புறம் கம்பி, ரெடிமிக்ஸ் வண்டிகள். அச்சின் மேல் விழும் பாரம் இரட்டிப்பானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்பது 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாயில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் கையாளும் கணக்கு. கார்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் என்று போட்ட மெல்லிய தார் அடுக்கு இதைத் தாங்குமா? மழை வந்தால் பள்ளம் எங்கே, கால்வாய் எங்கே என்றே தெரியாது. பள்ளிப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் சைக்கிளில் போகிறார்கள். இத்தனைக்கும், திட்ட அனுமதி தருவதற்கு முன்பே கட்டணம் கட்டப்பட்டுவிடுகிறது. அதாவது, முதல் லாரி வருவதற்கு முன்பே பணம் அரசின் கையில் இருக்கிறது.

கட்டணம் என்பது வரி அல்ல என்பதையும் நினைவூட்ட விரும்புகிறோம். 1954-இல் ஷிரூர் மடம் வழக்கில், கட்டணமாக வசூலித்ததை அதற்கான சேவைக்கே தனியாக ஒதுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ரூபாய்க்கு ரூபாய் கணக்கு தேவையில்லை என்று பிந்தைய தீர்ப்புகள் தளர்த்தினாலும், பொதுவான ஒரு தொடர்பாவது இருக்க வேண்டும் என்பதை விடவில்லை. கலிபோர்னியாவில் இத்தகைய கட்டணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, நிதியாண்டு முடிந்த 180 நாட்களுக்குள் விவரத்தை வெளியிட வேண்டும். செலவாகாத தொகை எதற்காக இருக்கிறது என்று ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை காரணம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் திருப்பித் தர வேண்டும். இங்கேயும் அப்படி ஒரு விதி வந்தால் பணம் தேங்காது.

எனவே, கட்டணத்தில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டை அந்தக் கட்டடத்தின் அணுகுசாலைக்கும் அதையொட்டிய தெருக்களுக்கும் என அரசாணை மூலம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். எந்தத் தெருவுக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்பது இணையத்திலும் ஏரியா சபைக் கூட்டத்திலும் தெரிய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே இத்தகைய விவரங்களை வெளியிடத்தான் சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு, இதில் எங்களுக்கு மிகுந்த கவலை. குடிநீர், கழிவுநீர், கேபிள் குழாய்களை முதலில் பதித்து முடித்துவிட்டு, பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும். மேலே மேலே போட்டுத்தான் பல வீடுகள் சாலைக்குக் கீழே போய்விட்டன. வரிசை மாறினால், ஒதுக்கும் பணமும் அடுத்த தோண்டலில் மண்ணோடு போய்விடும்.

ஏற்கெனவே இருக்கும் பழைய பழுதுகளின் செலவைப் புதிதாகக் கட்டுபவர்கள் மீது ஏற்ற வேண்டாம். அது உள்ளாட்சியின் பொறுப்பு, சொத்து வரியிலிருந்து செய்ய வேண்டியது.

இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச் சங்கத்தினர்