தாலியை அக்காவே எடுத்துக் கொடுத்தாள்

சுங்கை சிப்புட்

அன்புத் தோழிக்கு,

உன் மூத்தவளுக்குத் தையில் கல்யாணம் என்றதும் வயிறு குளிர்ந்தது. ஆனால், "தாரை வார்த்துக் கொடுக்க அவர் இல்லையே, நான் மணவறைப் பக்கம் போகலாமா" என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் மனசு தாங்கவில்லை. தாராளமாகப் போகலாம்டி.

அண்மையில் எங்கள் அக்கா மகள் கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நடந்தது. அத்தான் இறந்து வெகுநாளாகிறது. அதனால் சித்தப்பா, சித்தி மணையில் உட்காரட்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். பெண் ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். "விடியுமுன்னே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய் என்னைப் படிக்க வைத்தது அம்மா. அவங்க கையால் வராத தாலி எனக்கு எதுக்கு?" என்றாள்.

தாரை வார்ப்பதையே விட்டுவிட்டார்கள். சம்பந்திகள் இருவரும் அக்காவும் சேர்ந்து பிள்ளைகளின் கைகளைப் பிடித்து வைத்தார்கள். இருவரும் தாங்களே எழுதிய உறுதிமொழியைத் தமிழில் வாசித்தார்கள். அடுத்து தாலி. அக்கா தூண் ஓரமாகவே ஒதுங்கி நின்றாள். மகள் கூப்பிட்டதும் முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து, தட்டிலிருந்த மஞ்சள் கயிற்றை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். கெட்டிமேளம் கொட்டியபோது மண்டபத்தில் அழாத பெண்கள் இல்லை. அம்மியிலும் இருவர் காலும் சேர்ந்தே ஏறியது. மொய்க்குப் பதில் தமிழ்ப்பள்ளிக்குப் புத்தகம் கேட்டிருந்தார்கள், அதுவும் நல்ல காரியம். செயற்கைப் புகை விட்டு மணமக்கள் மேடைக்கு ஆடி வந்தது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அது செலவுதான், மாற்றம் இல்லை.

"இப்படிச் செய்தால் கல்யாணம் செல்லுமா" என்று உன் மாமியார் கேட்பார். சொல்லிவிடு: நம் மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சட்டத்துக்கு வேண்டியது பதிவு. பதிவிலாகாவில் மனுப் போட்டு 21 நாள் பொறுக்க வேண்டும், அதை முதலில் பார். சடங்கை எப்படி நடத்துவது என்பது நம் விருப்பம். புதுசு என்றும் யாரும் சொல்ல முடியாது. ஐயர் இல்லாமல் முதல் சுயமரியாதைத் திருமணம் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் 1928லேயே நடந்துவிட்டது. மறு ஆண்டே பெரியார் மலாயா வந்து பேசினார், 1954லும் வந்தார். நம் அப்பாக்கள் சீர்திருத்தத் திருமணம் பற்றிக் காப்பிக் கடையில் வாதாடியதெல்லாம் உனக்கும் நினைவிருக்குமே.

உனக்கு நலங்கு பிடிக்கும், வை. பந்தக்கால், வாழைமரம், நாதஸ்வரம் எல்லாம் இருக்கட்டும். பெற்றவளை ஓரமாக நிற்க வைக்கிற ஒன்றை மட்டும் எடுத்துவிடு. சம்பந்தி வீட்டார் சமயப்பற்று உள்ளவர்கள் என்றாயே, அவர்களுக்குத் தேவாரம் ஓதித் தமிழில் நடத்துகிற முறை ஒத்துவரும். இங்கே அப்படி நடத்துகிறவர் ஒருவரைத் தெரியும், கேட்டு வைக்கவா? உறுதிமொழி எழுதிய தாளையும் அக்கா மகளிடம் வாங்கி வாட்சாப்பில் அனுப்புகிறேன். முதலில் உன் மகளோடு உட்கார்ந்து பேசு. மாமியாரிடம் அவளே சொல்லட்டும், பேத்தி சொன்னால் அவர் கேட்பார்.

அன்புடன்,
உன் பழைய லயத்துத் தோழி