இடது கை ஓட வேண்டாம்

அன்பு மகளுக்கு,

நீ பியானோ வாசித்து அனுப்பிய ஒலிப்பதிவு வந்தது. கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம். அப்பா கேட்டுவிட்டு, "நன்றாகத்தானே வாசிக்கிறாள்" என்றார். நன்றாகத்தான் வாசிக்கிறாய். நம் குடும்பத்தில் யாருக்கும் வாய்க்காத விரல்கள் உனக்கு. ஆனால் இடது கை ஓடுகிறது.

வால்ட்ஸ் என்ற நடன இசையின் மூன்று அடிகளில் முதலாவதில் கீழ்ச் சுரத்தை ஊன்ற வேண்டும். அடுத்த இரண்டையும் மெல்லத் தொட்டு, மணிக்கட்டைத் தூக்கிவிட வேண்டும். நீ மூன்றாவது அடி அடங்கும் முன்பே அடுத்த கீழ்ச் சுரத்துக்குத் தாவுகிறாய். இதை எழுதிய ஷோபின் தன் மாணவர்களிடம், இடது கைதான் வாத்தியக் குழுவை நடத்துபவர் என்பாராம். அது நிதானமாக நின்றால்தான் வலது கை தயங்கவும் முந்தவும் முடியும். தாளம் காட்டும் மெட்ரோனோமை நிறுத்திய பிறகும் தாளம் பிசகாமல் வாசித்த குழந்தை நீ. இந்த அவசரம் எங்கிருந்து வந்தது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இரவில் தூங்குகிறாயா?

பெடலையும் கவனி. ஒவ்வொரு கீழ்ச் சுரத்தோடும் மாற்று. மெட்டு அரை அரைச் சுரமாக இறங்கிவருகிறது. பெடலை மிதித்தபடியே இருந்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலங்கிவிடும்.

எத்தனையோ இருக்க இந்த வால்ட்ஸை ஏன் எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. ஓபஸ் 69 என்ற தொகுப்பின் முதல் வால்ட்ஸ் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். இதற்கு 'பிரியாவிடை' என்று பெயர் வைத்தவர் ஷோபின் அல்ல. 1835 செப்டம்பரில், டிரெஸ்டனில், மரியா வொஜின்ஸ்காவுக்காக அவர் இதை எழுதித் தந்தபோது எதுவும் முறிந்திருக்கவில்லை. மறு ஆண்டுதான் பெண் கேட்டார். 1837-இல்தான் அந்தப் பேச்சு நின்றுபோனது. அவள் வீட்டுக் கடிதங்களைக் கட்டி, 'என் துயரம்' என்று மேலே எழுதி வைத்ததெல்லாம் அதற்குப் பிறகு. நீயோ முதல் சுரத்திலேயே முடிவு தெரிந்தவளாக வாசிக்கிறாய். அப்படி வாசித்தால், உயிர்ப்போடு வாசிக்கச் சொல்லும் இரண்டாம் பகுதிக்கு உன்னிடம் உயிர் மிச்சமிருக்காது. அதன்பின் இனிமையாக வாசிக்கச் சொல்லும் பகுதியில் கொஞ்சம் விளையாட்டும் வேண்டும். இரட்டைச் சுரங்கள் ஏறும் இடத்தில் மேல் சுரம் பாட வேண்டும்; அங்கே உன் சுண்டுவிரல் பயப்படுகிறது. முதல் மெட்டு திரும்ப வரும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும். நீ நான்கு நாளில் பாடமாக்கிவிடுவாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பாடமானதும் கேட்பதை விட்டுவிடுவாய்.

எல்லோரும் மரியாவைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு மனத்தில் நிற்பது அந்த டிரெஸ்டன் செப்டம்பருக்கு முந்தைய மாதம். சொந்த ஊரான வார்சாவிலிருந்து ஷோபினின் அப்பாவும் அம்மாவும் கார்ல்ஸ்பாட்டுக்கு வந்து மகனைப் பார்த்தார்கள். 1830-இல் ஊரைவிட்டுப் போன பிள்ளை. அந்தச் சில வாரங்களுக்குப் பிறகு அவர்கள் சந்திக்கவே இல்லை. அந்தக் குளிர்காலத்தில் அவர் பாரிஸில் நோயில் விழுந்தார். இறந்துவிட்டார் என்று வார்சாவில் வதந்தி பரவி, செய்தித்தாள் மறுத்து எழுத வேண்டியதாயிற்று. மறுப்பு வரும்வரை அந்தத் தாய் எதைத் தின்றாள், எப்படிக் கண்மூடினாள்? 1849-இல் மகன் போன பிறகும் பன்னிரண்டு ஆண்டுகள் அவள் இருந்தாள்.

மூன்று வாரமாக உன் போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. வேலை இருக்கும், தெரியும். கச்சேரிப் பயிற்சியும் இருக்கும். ஒரு நிமிடம் எடுத்து "இருக்கிறேன் அம்மா" என்று சொல்ல நேரமில்லையா?

பெரியம்மா கேட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நீ வரும்போது யாரும் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். மாடியில் இருக்கும் அந்தப் பெட்டியை நாங்கள் தொடவில்லை. அதை என்ன செய்வது என்று நீயே சொல். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அங்கேயே இருக்கட்டும்.

டிசம்பருக்கு டிக்கெட் எடுத்துவிட்டாயா? கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு உன்னை வாசிக்கச் சொல்லி எல்லோரும் கேட்கிறார்கள், எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. வருவது உறுதியென்றால் சொல். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரை முன்கூட்டியே கூப்பிட வேண்டும், மழையில் மேல்கட்டைகள் இறுகிக் கிடக்கின்றன. இடது கையை மட்டும் தனியாக வாசித்து ஒரு பதிவு அனுப்பு. அதோடு ஒரு வரியும் எழுது.

அம்மா