ஒட்சிசன் இல்லாமலும் ஒட்சியேற்றம் நடக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில், உயர்தர இரசாயனவியல் வழிகாட்டியில், கட்டம் போட்டுத் தடித்த எழுத்தில் ஒரு வரி வந்திருந்தது: "ஒட்சிசன் இல்லாத இடத்தில் ஒட்சியேற்றம் நடைபெறாது." என் பேத்தி அதை மஞ்சள் மையால் கோடிட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பிழை என்றேன். "பேப்பரில் போட்டிருக்கிறார்களே, அப்பப்பா" என்றாள். இதே கொழும்பில் இதே பாடத்தை 31 வருடம் படிப்பித்தவன் நான். அச்சில் வந்த ஒரு வரிக்கு முன்னால் அந்த 31 வருடமும் எடுபடவில்லை.

சோடியத்தைக் குளோரீன் வாயுவில் எரித்தால் கறியுப்பு கிடைக்கிறது. அதில் ஒட்சிசன் எங்கே இருக்கிறது? சோடியம் ஓர் இலத்திரனை, அதாவது அணுவில் உள்ள மறை ஏற்றத் துகள் ஒன்றை, இழக்கிறது, ஆகவே அது ஒட்சியேற்றப்படுகிறது. குளோரீன் அதைப் பெறுகிறது, ஆகவே அது தாழ்த்தப்படுகிறது. தாங்கள் அறியாததல்ல. 18ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சு இரசாயனவியலாளர் லவோசியே காலத்தில், ஒட்சிசன் சேர்வதைத்தான் ஒட்சியேற்றம் என்றார்கள். இலத்திரன் என்று ஒன்று இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது. 1897இல் ஆங்கில விஞ்ஞானி தொம்சன் அதைக் கண்டறிந்த பின், இலத்திரனை இழப்பதே ஒட்சியேற்றம் என்று விளக்கம் விரிந்தது, பெயர் மட்டும் பழையபடி நின்றுவிட்டது. தங்கள் கட்டுரையாளர் பெயரை வைத்துப் பொருள் சொல்லப் புறப்பட்டிருக்கிறார்.

அன்று பின்னேரமே பேத்தியை அடுப்படிக்கு அழைத்துப்போனேன். மயில்துத்தம் கொஞ்சம் வீட்டில் இருந்தது, அதுதான் செப்பு சல்பேற்று. கண்ணாடிக் குவளையில் கரைத்து, அரத்தாளால் தேய்த்து மினுக்கிய இரும்பாணி ஒன்றை நூலில் கட்டி இறக்கினோம். சில நிமிடங்களில் ஆணியின் முனையில் கபில நிறம் படர்ந்தது. இரவுச் சாப்பாடு முடிந்து பார்த்தபோது ஆணி முழுவதும் செப்புத் தூள் போர்த்தியிருந்தது, கரைசலின் நீலமும் வெளிறத் தொடங்கியிருந்தது. இரும்பு இலத்திரனை இழந்து கரைசலுக்குள் போக, செப்பு அயன், அதாவது கரைசலில் மின்னேற்றத்தோடு இருக்கும் செப்பு, அதைப் பெற்று உலோகமாக வெளியே வந்துவிட்டது. "சல்பேற்றில் ஒட்சிசன் இருக்கிறதே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. சல்பேற்று தொடக்கத்தில் இருந்தபடியேதான் முடிவிலும் இருக்கிறது, அதற்கு இந்தக் கொடுக்கல் வாங்கலில் பங்கில்லை. அதற்குமேல் அவள் கேட்டதுதான் என்னை உறங்கவிடவில்லை: "இலத்திரனைப் பெற்றால் கூடத்தானே வேண்டும்? ஏன் தாழ்த்தல் என்கிறோம்?"

என் வகுப்புகளில் வருடம் தவறாமல் யாராவது ஒரு பிள்ளை எழுந்து நின்று கேட்ட கேள்வி இது. இலத்திரன் மறை ஏற்றம் உடையது. அது வந்து சேரும்போது செப்பின் ஒட்சியேற்ற எண், அதாவது எத்தனை இலத்திரனை இழந்து நிற்கிறது என்ற கணக்கு, +2இலிருந்து 0க்கு இறங்குகிறது. இறங்குவதால் தாழ்த்தல். இரண்டு வரியில் சொல்லிவிடலாம். தங்கள் முழுப்பக்கக் கட்டுரையில் அந்த இரண்டு வரிக்கு இடமில்லாமல் போய்விட்டது.

அதே கட்டுரையில் முதல் பந்தியில் 'தாழ்த்தல்', மூன்றாம் பந்தியில் அதற்கே 'ஒடுக்கம்', கீழே கேள்விகளில் ஒட்சியேற்றத்துக்கு 'ஆக்சிஜனேற்றம்'. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் சொற்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவையும் நல்ல தமிழே. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சைத் தாளில் வருவது ஒட்சியேற்றமும் தாழ்த்தலும். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய பக்கத்தைப் படிக்கும் பிள்ளை ஒரே விடயத்தை இரண்டு விடயமாக நினைத்துக்கொள்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்து அமெரிக்க மிசனரி வைத்தியர் கிறீன் இரசாயனத்தையும் மருத்துவத்தையும் தமிழில் எழுதவைத்த மண் இது. ஒரு சொல்லை ஒரு பக்கத்துக்குள் மாறாமல் வைத்திருக்க இன்று எங்களால் முடியவில்லை.

அச்சிலும் பிழை: செப்பு அயனின் குறியீட்டின் தலையில் இருக்க வேண்டிய 2+ கீழே இறங்கி வெறும் 2 ஆகியிருக்கிறது. இப்படியான பிழைகளைப் பற்றி இரண்டு வருடங்களுக்கு முன்னரும், சென்ற வருடம் பரீட்சைக்கு முன்னரும் எழுதினேன். இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. தங்களுக்கு எத்தனையோ வேலை இருக்கும், அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஆய்வுகூடத்தில் குழாய் நீர்கூட வராத பாடசாலையில் நான் படிப்பித்திருக்கிறேன். அங்கே பரிசோதனையைக் கரும்பலகையில் நிறச் சோக்கால் வரைந்து காட்டினோம். அப்படிப்பட்ட பாடசாலைப் பிள்ளைக்கு வகுப்புக்கு வெளியே கிடைக்கும் தமிழ் இரசாயனம் தங்கள் பக்கம் ஒன்றுதான். அதை வெட்டி, கொப்பியில் ஒட்டிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்.

துருவுக்கு "ஈரம் பட்டால் வரும்" என்று ஒரு வரியோடு கட்டுரை முடிந்துவிட்டது. எங்கள் ஒழுங்கை கடலோர ரயில் பாதையில் போய் முட்டுகிறது. யன்னல் கம்பியைப் பொங்கலுக்குத் தேய்த்துப் பூச்சு அடித்தால் ஆடி மாதம் விரலில் செம்மண் போல ஒட்டுகிறது. இரும்பு விடும் இலத்திரனை நீரில் கரைந்த ஒட்சிசன் வாங்குகிறது, கடற்காற்றின் உப்பு அந்த நீரில் மின் கடந்துபோவதை இலகுவாக்குகிறது. வெள்ளவத்தைப் பிள்ளை ஒவ்வொன்றும் கையால் தொடுகிற இரசாயனத் தாக்கம் இது. அதை எழுதியிருக்கலாமே!

நான் கேட்பது இவ்வளவுதான். வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே கட்டத்தில், அதே தடித்த எழுத்தில் திருத்தம் வரவேண்டும், உள்பக்க மூலையில் அல்ல. அச்சுக்குப் போகுமுன் பக்கத்தை ஓர் ஆசிரியரிடம் காட்டுங்கள். ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். வியாழக்கிழமைகளில் எனக்கு நேரம் இருக்கிறது, கொடுப்பனவு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.